டிவிஆரைக் கழற்றிச் செல்பவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். உள்ளே ஆறு, வாசலில் இரண்டு என எட்டுக் கேமராக்கள் உள்ளன. சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பைக் திருடுபோனது. விசாரிக்க வந்த காவலர்கள் பதிவைப் பார்த்துவிட்டு, கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியையே கழற்றி எடுத்துச் சென்றார்கள். சீட்டு எதுவும் தரவில்லை. ஒன்பது நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தபோது பழைய பதிவுகள் எதுவும் அதில் இல்லை. இப்போது வாசல் கேமராவை ஸ்டேஷன் கைப்பேசியில் நேரடியாகப் பார்க்கும்படி இணைத்துத் தரச் சொல்கிறார்கள். இதற்கிடையில், ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை பார்க்கும் என் அக்கா மகனை, இரவில் மலையிறங்கி வரும்போது வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தும் முகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டுதான் விட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் மறுக்க முடியுமா? "தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றையும் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஆனால் படித்துக்கொண்டு வந்த நான் நின்ற இடம் "சீட்டு எதுவும் தரவில்லை" என்ற வரிதான். பட்டறைக்கு வெளியே வேலைக்குக் கொடுக்கும் வெள்ளியை எடை போடாமல், டச் (தூய்மை அளவு) பார்க்காமல், சீட்டு எழுதாமல் நீங்கள் ஒருநாளும் அனுப்பியிருக்க மாட்டீர்கள். அந்த வெள்ளியைவிடப் பல மடங்கு விவகாரம் அடங்கிய ஒரு பெட்டியைக் காக்கிச் சட்டையைப் பார்த்தவுடன் வெறுங்கையால் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வழக்கறிஞர்கள் பலரே தங்கள் வீட்டுக் கேமரா விஷயத்தில் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

முதலில் டிவிஆர். நடந்த குற்றத்தை விசாரிக்கும் காவல்துறை, தெருவில் இருக்கும் கேமராப் பதிவைக் கேட்பது நியாயமான வேலை. அதைக் கொடுப்பது குடிமகனின் கடமையும்கூட. கேட்பதற்கு முறை உண்டு என்பதுதான் என் பேச்சு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, ஒரு விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ, மின்னணுச் சான்று இருக்கக்கூடிய கருவியையோ ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரத்தைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குத் தருகிறது. அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தாளில்தான் வேண்டும் என்பதில்லை, மின்னணு வடிவிலும் வரலாம். அதில் குற்ற எண், எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பவை இருக்கும்படி நீங்கள் கேட்டு வாங்கலாம். பைக் திருடுபோன இரவின் இரண்டு மணி நேரப் பதிவு தேவைப்படும் வழக்குக்கு, எட்டுக் கேமராக்களின் ஒரு மாதப் பதிவு தேவைப்படாது.

பெட்டியையே எடுத்துச் செல்வது கைப்பற்றுதல் ஆகிவிடுகிறது. கைப்பற்றினால் பட்டியல் எழுத வேண்டும், சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 105ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தேடுதலையும் கைப்பற்றுதலையும், பட்டியல் தயாரித்துக் கையெழுத்து வாங்குவது உட்பட, ஒலியும் படமுமாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கைப்பேசியே போதும் என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் கேமராப் பெட்டியை எடுக்க வந்தவர்கள் தாங்களும் ஒரு கேமராவுக்கு முன்னால்தான் அதை எடுத்திருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்காததால், உங்கள் பெட்டி அந்த ஒன்பது நாளும் எங்கே, யாரிடம் இருந்தது என்று சொல்ல எந்தக் காகிதமும் இல்லை.

இந்தக் காகிதம் உங்கள் பாதுகாப்புக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் வழக்கும் பலவீனப்படும். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த இதே தேவையைத் தவிர்க்க முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில், அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில், உறுதிபடச் சொன்னது. புதிய சட்டத்தின் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் வல்லுநர். உங்கள் பட்டறையைப் பொறுத்தவரை முதல் பகுதிக்குரியவர் நீங்களே. ஒன்பது நாள் உங்கள் கையைவிட்டுப் போயிருந்த பெட்டிக்கு, "இது என் பொறுப்பில் ஒழுங்காக இயங்கியது" என்று எப்படிக் கையெழுத்திடுவீர்கள்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் நின்றாலும் அதையேதான் கேட்பேன்.

அந்தச் சான்றிதழில் ஹாஷ் என்று ஒரு மதிப்பை எழுதச் சொல்கிறார்கள். ஒரு கோப்பிலிருந்து கணித முறையில் கிடைக்கும் நீண்ட எண்ணும் எழுத்துமான வரிசை அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை அடியோடு மாறிவிடும். கொலுசுக்கு டச் எழுதித் தருவதுபோல, கொடுத்த பொருளும் பின்னால் காட்டப்படும் பொருளும் ஒன்றுதானா என்று பார்க்கும் வழி இது. அடுத்த முறை கேட்டால், தேவையான நேரத்துப் பதிவை நீங்களே புதிய பென்டிரைவில் எடுத்து, எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் கணக்கிட்டு (கணினியில் இலவசமாகவே செய்யலாம்), அதை ஒரு தாளில் எழுதி, பெற்றுக்கொண்டவரின் பெயர், பதவி, தேதி, நேரம், கையெழுத்து ஆகியவற்றோடு ஒப்படையுங்கள். அதே கோப்பின் இன்னொரு நகல் உங்களிடம் இருக்கட்டும். டிவிஆரின் கடிகாரம் உண்மையான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது என்பதையும் கைப்பேசியோடு ஒப்பிட்டு அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. பத்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் ஒருவனைக் குற்ற இடத்தில் நிறுத்தவும் செய்யும், அங்கிருந்து அகற்றவும் செய்யும்.

காவலர் இதற்கெல்லாம் பொறுமையின்றிப் பெட்டியைத்தான் எடுப்பேன் என்று நின்றால், கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்த வழக்கு உங்கள் மேல் விழும். பதிவை அழிக்க நினைப்பது அதைவிட மோசம், சான்றை அழிப்பது தனிக் குற்றம். பெட்டியின் வரிசை எண்ணையும் ஹார்ட் டிஸ்க்கின் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு, மகஜரின் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் பட்டியலின்) நகலைக் கேளுங்கள். தராவிட்டால், நடந்ததை அன்றே ஒரு பக்கக் கடிதமாக எழுதி ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். முறைப்படி கைப்பற்றப்பட்ட பொருளைத் திரும்பப் பெற நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வழியுண்டு.

திரும்பி வந்த பெட்டியில் பதிவுகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அழிந்த பதிவு, அதே இடத்தில் புதிய பதிவு எழுதப்படும் வரை பெரும்பாலும் மீட்கக்கூடியது. ஆகவே அந்த ஹார்ட் டிஸ்க்கை இன்றே கழற்றித் தனியே வைத்துவிட்டுப் புதியது ஒன்றைப் பொருத்துங்கள்.

இனி நேரடி இணைப்பு. தயங்கிப் பேச வேண்டிய இடம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு உங்கள் பட்டறையின் பூட்டு உடைக்கப்பட்டால் நீங்கள் ஓடப்போவது அதே ஸ்டேஷனுக்குத்தான். அங்குள்ளவர்களோடு முகம் கோணாமல் இருக்க நீங்கள் விரும்புவது இயல்பு. இருந்தும், 94ஆம் பிரிவு ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை, ஒரு விசாரணைக்காக ஒப்படைக்கச் சொல்வது. இனி வரப்போகும் எல்லா நாளின் காட்சிகளையும் முன்கூட்டியே திறந்துவிடச் சொல்லும் அதிகாரம் அதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காவலரின் சட்டபூர்வமான கட்டளைக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்னும் 172ஆம் பிரிவைச் சிலர் காட்டுவார்கள். அது குற்றத் தடுப்பு நடவடிக்கைகள் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது, அந்த அத்தியாயத்தின் கடமைகளைச் செய்யும்போது இடப்படும் கட்டளைகளுக்கே அது பொருந்தும். பொதுக் கட்டடங்களில் கேமரா பொருத்தத் தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன. ஆனால் கேமரா பொருத்துவது ஒன்று, அதன் கண்ணை இன்னொருவரின் கைப்பேசியில் வைப்பது வேறொன்று. ஆகவே ஸ்டேஷனில் கேட்பது ஒரு வேண்டுகோள் என்றே கொள்ளுங்கள். வேண்டுகோளுக்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

ஆம் என்று சொல்வதானால், கேமரா மாட்டிக் கொடுத்த பையனை அழைத்துச் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர் வழக்கமாகச் செய்வது, டிவிஆரின் கியூஆர் குறியீட்டை ஸ்டேஷன் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, முதன்மைக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுவதுதான். அதன் பொருள், வாசலோடு சேர்ந்து உள்ளே இருக்கும் ஆறு கேமராக்களும், பழைய பதிவுகளும், பதிவை அழிக்கும் அதிகாரமும் அந்தக் கைப்பேசிக்குப் போய்விடும் என்பதாகும். வெள்ளி எங்கே வைக்கப்படுகிறது, எந்த நேரத்தில் பட்டறையில் ஒருவரே இருக்கிறார், வேலை செய்யும் பெண்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாத ஒருவர் பார்க்கும் காட்சியாகிவிடும். அந்தக் கைப்பேசி எத்தனை கை மாறும் என்பதும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. டிவிஆரில் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, தெருவைப் பார்க்கும் ஒரே கேமராவின் நேரடிக் காட்சியை மட்டும், ஒலியின்றி, பழைய பதிவைத் திறக்கும் வசதியின்றிக் கொடுக்க முடியும். அதைவிட நல்லது, தெருவுக்கென்று டிவிஆரில் சேராத தனிக் கேமரா ஒன்றைப் பொருத்துவது. எப்படியானாலும், யாருடைய கோரிக்கையின் பேரில், எந்தத் தேதி வரை என்பதை ஒரு கடிதத்தில் எழுதி ஸ்டேஷன் முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நேரடி இணைப்பு வேண்டாம் என்பேன். "குற்ற எண்ணோடு எழுதிக் கேட்டால், எந்த நேரமானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவைத் தருகிறேன்" என்று பணிவாக ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். விசாரணைக்குத் தேவையானது அதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது, உங்கள் அக்கா மகனின் முகம். தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முகமறி மென்பொருள் ஒன்றை மாநிலம் முழுவதும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய அந்த மென்பொருள், எடுத்த படத்தைக் காவல் நிலையங்களின் கணினி வலையமைப்பில் உள்ள குற்றவாளிகள், காணாமல் போனவர்கள் முதலியோரின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ரோந்தில் இருக்கும் காவலர் கைப்பேசியிலிருந்தே அதைப் பயன்படுத்த முடியும். ஏற்காட்டிலிருந்து வந்த இளைஞருக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். வெறும் படமாக ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டுக்கும் வேறுபாடு பெரிது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில் 2022 ஆகஸ்ட் முதல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வந்திருக்கிறது. புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவு முதலியவற்றை எடுக்கும் அதிகாரத்தை அது விரிவாகவே தருகிறது. எடுத்தவற்றைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. இவ்வளவு அகலமான சட்டம்கூட யாரிடம் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறது. தண்டிக்கப்பட்டவர், கைது செய்யப்பட்டவர், நன்னடத்தைப் பிணை எழுதித்தர உத்தரவிடப்பட்டவர் ஆகியோர் அதில் வருகிறார்கள். மற்றவர்களிடம் எடுக்க வேண்டுமானால் நடுவரின் உத்தரவு வேண்டும். வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்கு வருகிறவர் இதில் எந்த வகையிலும் சேரமாட்டார். முகமறி மென்பொருளுக்கென்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னபோது, அதில் தலையிடச் சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்கு அளவானதாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. முதல் படியிலேயே, சாலையில் முகத்தைப் படமெடுக்கும் இந்த வழக்கம் தடுக்கிவிழுகிறது என்பது என் கருத்து. நீதிமன்றங்கள் இன்னும் இதை முடிவாகச் சொல்லிவிடவில்லை. ஹைதராபாத்தில் ஊரடங்கின்போது முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில், 2022 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்குமா என்று கேட்பீர்கள். குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் அதில் விலக்கு இருப்பதால், இந்த விஷயத்தில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இரவில் நடு ரோட்டில், தனியாக நிற்கும் இளைஞர் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாகன ஆவணங்களைக் காட்டுவது அவர் கடமை, அதைச் செய்துவிட்டு, "படம் எதற்கு சார், ஏதாவது வழக்கு இருக்கிறதா?" என்று மரியாதையாக ஒருமுறை கேட்கலாம். வற்புறுத்தினால் மல்லுக்கு நிற்காமல், இடம், நேரம், வாகன எண், சட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றை நினைவில் வைத்து வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தால் போதும். மற்றதைப் பகலில், காகிதத்தில் செய்யலாம். சோதனை நடந்த இடம் மாநகரக் காவல் எல்லையா, மாவட்டக் காவல் எல்லையா என்று பார்த்து, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு அனுப்பச் சொல்லுங்கள். இடம் மாறிப் போனாலும் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் அனுப்பிவைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. வாகனச் சோதனையில் பொதுமக்களின் முகத்தைப் படமெடுக்க எந்த உத்தரவின்படி அனுமதி, ஒப்பிட்டுப் பொருந்தாத படம் எத்தனை நாளில் அழிக்கப்படுகிறது, எத்தனை விழுக்காடு ஒத்துப்போனால் பொருத்தம் என்று கொள்கிறார்கள் என்று கேட்கட்டும். விசாரணைக்கு இடையூறு என்று சொல்லி மறுக்கக்கூடிய கேள்விகள் அல்ல இவை. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

அந்த விழுக்காட்டுக் கேள்வியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், உங்கள் வீட்டில் கேட்ட கேள்விதான். முகமறி மென்பொருள் "இவன்தான்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. முகத்தை எண்களாக மாற்றி, இன்னொரு முகத்தோடு இவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்கிறது. எந்த அளவுக்கு மேல் நம்புவது என்பதை ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். டெல்லி காவல்துறை 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று கொள்வதாக 2022இல் தகவல் உரிமை மனுவுக்குப் பதில் தந்தது. லட்சக்கணக்கான படங்களுக்குள் தேடும்போது, ஒத்த சாயலுள்ள ஒருவர் அகப்படாமல் போவதுதான் அரிது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயின. கடைக் கேமராவின் மங்கலான படத்தை மென்பொருளில் போட்டார்கள், ஒருவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படத்தைக் காட்டியது. 2020 ஜனவரியில் அவரை வீட்டு வாசலில், மனைவியும் பெண் குழந்தைகளும் பார்த்திருக்கக் கைது செய்து 30 மணி நேரம் வைத்திருந்தார்கள். அவர் அந்தக் கடைக்குத் திருடப் போனவரே அல்ல. 2024இல் அந்த நகரக் காவல்துறை, மென்பொருளின் முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்வதில்லை என்று உடன்படிக்கையில் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. தப்புச் செய்யாதவருக்குத்தான் இது நடந்தது. அதுவும் உங்களுடையதைப் போன்ற ஒரு கடைக் கேமராவிலிருந்து தொடங்கியது. சேமித்துவைத்த படங்கள் சேமித்த இடத்திலேயே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. நம் மாநிலக் காவல்துறையின் முகமறித் தளத்திலேயே 2024 மே மாதம், ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாக வெளியாட்கள் நுழைந்த செய்தி வந்தது.

கடைசியாக, உங்கள் டிவிஆர் ஒன்பது நாள் எங்கே இருந்தது என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் வாசல், வரவேற்பு, தாழ்வாரம், லாக்கப் உட்பட எல்லா இடங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமராக்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அப்படிச் சேமிக்கும் கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. உங்கள் பெட்டி அந்த நிலையத்துக்குள் போனதும், அங்கிருந்து வெளியே வந்ததும் அந்தக் கேமராக்களில் இருக்க வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு, அன்றைய நிலையப் பதிவுகளை அழியாமல் பாதுகாக்கக் கேட்டு, காவல் ஆணையருக்கு இந்த வாரமே ஒரு மனுக் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்தில் கொடுக்காமல் ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்வதன் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.